ஏழாவது இணைப்பு

வரிசையில் வல்லிதான் கடைசி. முன்னால் ஐந்து பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம், நடுவில் தலைவர் கனைத்துக்கொண்டு நன்றி சொல்ல அரை நிமிடம், கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டரை நிமிடம் வருகிறது, பன்னிரண்டரை நிமிடத்தில் ஒரு மனுஷி ஒரு முடிவுக்கு வர முடியாதா என்ன, இருபத்தோரு வருஷமாக இந்த மாதிரி வரிசைகளில் நின்று நின்று பழகிய கால்கள்தானே இவை. உலகத்தில் எந்த ஊரில் கூடினாலும் சபையின் வழக்கம் இதுதான். அரங்கத்தின் நடுப்பாதையில் ஒரு மைக்கை நட்டு வைப்பார்கள், பேச வேண்டியவர்கள் அதன் பின்னால் நிற்க வேண்டும், மந்திரியானாலும் சரி மாணவியானாலும் சரி, முண்டியடிக்க முடியாது. இணையதளங்களின் பெயர்களை யாருக்குக் கொடுப்பது, எப்படிப் பதிவது, பெயரை வைத்திருப்பவரின் விலாசத்தை யார் யார் பார்க்கலாம் என்றெல்லாம் தீர்மானிக்கிற அந்த அமைப்புக்கு ஒரு முழ நீளத்துக்கு ஆங்கிலப் பெயர் உண்டு. வல்லியின் வாயில் அது எப்போதோ வெறும் சபையாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தேசம் என்று சுற்றுகிற சபை இந்த வருஷம் சென்னைக்கு வந்து நந்தம்பாக்கத்தில் இறங்கியிருக்கிறது. நம்ம ஊருக்கு வருகிறது நம்ம ஊருக்கு வருகிறது என்று ஆறு மாதமாகக் குதித்துக்கொண்டிருந்தவள், இப்போது இந்த ஏ.சி. குளிரில் முதுகு வேர்க்க நிற்கிறாள். அவள் வந்து நின்றவுடனே தலைவர், வரிசையை மூடுகிறேன், இதற்குமேல் யாரும் சேரக்கூடாது என்று அறிவித்தார். ஆகவே விலகிப்போனால் திரும்ப இடம் கிடையாது. மணி பதினொன்று இருபது. ஒன்பதே முக்காலிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதை நினைக்கக் கூடாது, முதலில் இதை முடிப்போம், முதலில் இது.

முதலில் எது என்பதுதான் காலை ஒன்பது மணிக்குள்ளேயே தெரிந்துபோயிற்றே. பல் விளக்கிக் காப்பி குடித்துப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, திருப்பூர் மைனாவதி. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறவள், முப்பத்துநாலு வயசு, பத்து வருஷமாக ஓர் இணையதளம் நடத்துகிறாள், தையல் ஹாலில் மேஸ்திரியும் மேனேஜரும் செய்கிற அட்டூழியங்களைப் பெண்கள் பெயர் போடாமல் அதில் எழுதுவார்கள். தளத்தை நடத்துகிறவள் யார் என்று எழுதுகிறவர்களுக்கே தெரியாது. எழுதுகிறவர்கள் யார் யார் என்பது மைனாவதிக்குத் தெரியும், நூற்று நாற்பது பேர், அத்தனை பேரின் நம்பரும் அவளிடம் இருக்கிறது. அக்கா, நேத்து சாயங்காலம் கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு அம்மா ஊட்டுக்கு வந்துட்டாங்கங்க்கா, அந்தச் சைட்டு உங்க புள்ளதான நடத்துதுன்னு கேட்டிருக்காங்க, எழுதுன பொம்பளைங்க பேரெல்லாம் வேணுமாமா, இன்னிக்குச் சாயங்காலம் திரும்ப வர்றோம்னு சொல்லிப்போட்டுப் போயிருக்காங்க என்றாள். குரல் நடுங்கவில்லை, அதுதான் வல்லியைக் கலக்கிற்று. கையில ஏதோ தாளு வெச்சிருந்தாங்களாமாங்க்கா, தாளு நெடுக கறுப்புக் கறுப்பா பட்டை அடிச்ச மாதிரி, பக்கத்துல பேனாவுல எங்க அட்ரஸ் எழுதியிருந்துச்சாமா. கறுப்புப் பட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் இஸ்திரிப் பெட்டியைப் புடவை மேலேயே வைத்துவிட்டாள். இப்போது கட்டியிருக்கிற சேலை வேறு. அந்தச் சேலை கொசுவத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தீய்ந்துபோய்க் கட்டிலில் கிடக்கிறது.

கறுப்புப் பட்டை. யாராவது எந்தக் காகிதத்தின் மீதாவது கறுப்புப் பட்டை அடிப்பார்கள், அதற்கென்ன. ஆனால் அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வல்லி சபைக்கு ஒரு மனு கொடுத்தாள், நாற்பத்தோரு பக்கம், பன்னிரண்டு இணைப்பு. அப்போதெல்லாம் ஓர் இணையதளத்தின் பெயரை வாங்கினால் வாங்கியவரின் பெயரும் வீட்டு விலாசமும் போன் நம்பரும் ஊரறிய ஒரு பதிவேட்டில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை மறைக்க வேண்டும் என்பதுதான் வல்லியின் வாழ்நாள் சண்டை. அதற்கு உதாரணம் காட்ட மைனாவதியின் பதிவேட்டுப் பக்கத்தை ஏழாவது இணைப்பாகச் சேர்த்தாள், பெயர் விலாசம் நம்பர் தளத்தின் பெயர் எல்லாவற்றின் மீதும் தன் கையாலேயே மவுசைப் பிடித்துக் கறுப்புப் பட்டை போட்டாள். விடியற்காலை ஐந்தரைக்குக் கெடு, பால் ஒரு பக்கம் பொங்கிக்கொண்டிருந்தது, பட்டைகள் நேராக வந்திருக்கின்றனவா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துத் திருப்திப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது. அந்த மனுவால்தான் சபை இறங்கி வந்தது. அடுத்த மூன்று வருஷத்தில் பதிவேடு மூடப்பட்டது, உலகத்தில் கோடிக்கணக்கான பேரின் வீட்டு விலாசம் திரைக்குப் பின்னால் போயிற்று, வல்லிக்கு மாலை போட்டார்கள், விருது கொடுத்தார்கள், அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறாள். இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு, அரங்கத்து வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, சபையின் ஆவணக் களஞ்சியத்திலிருந்து அந்த ஏழாவது இணைப்பை எடுத்து, கறுப்புப் பட்டையின் மீது விரலை இழுத்து, நகலெடுத்து, கணினியிலேயே ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டினாள். வந்தது. மைனாவதி, த/பெ பழனிச்சாமி, கதவு எண், வீதி, நம்பர். பட்டையைத் தாளின் மேல் வைத்தாளே ஒழிய அடியில் இருந்த எழுத்தை அழிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யாத வேலை. இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இது தேவையே இல்லை, ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உலகத்துக்குப் பாடம் எடுக்கிறவள்தான் இப்படிச் செய்ய முடியும். ஒரு தடவை ஒட்டிப் பார்த்தாள், இரண்டு தடவை, நாலு தடவை. நாலு தடவையும் வந்தது. ஒன்பது வருஷமாக உலகமே பார்க்கிற இடத்தில் அது அப்படியே இருந்திருக்கிறது.

முதல் ஆள் பேசி முடித்துவிட்டார், என்ன பேசினார் என்று ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. வரிசை ஒரு தப்படி நகர்ந்தது. நஸ்ரீன் குனிந்தபடி நடுப்பாதையில் வந்தாள், வல்லியின் அமைப்பில் ஐந்து வருஷமாக வக்கீலாக இருக்கிறவள், சுறுசுறுப்புக்கும் அவசரத்துக்கும் பேர்போனவள். மேடம், கடைசியா நிக்கறது ஒருவகைல நல்லதுதான் மேடம், கடைசியா கேட்டதுதான் மனசுல நிக்கும், நீங்க பேசி முடிச்சதும் ஓட்டுக்குக் கார்டு தூக்கச் சொல்லுவாங்க என்று காதில் சொல்லி ஒரு சீட்டைக் கையில் திணித்தாள். சீட்டில் மூன்று வரி. சபையின் களஞ்சியத்தில் சேர்ந்த எதையும் எவரும் நீக்கக் கூடாது, நேற்றுச் சொன்னதை இன்று அழிக்கிற வசதி அரசாங்கங்களுக்கும் கம்பெனிகளுக்கும் கிடைத்துவிடக் கூடாது, களஞ்சியம் என்பது பொதுமக்களின் ஞாபகசக்தி. மூன்றும் வல்லியின் சொந்த வாக்கியங்கள், பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறியவை. இன்றைக்கு முன்வைக்கப்பட்டிருக்கிற திருத்தம், பாதிக்கப்பட்டவர் கேட்டால் களஞ்சியத்திலிருந்து ஒரு தாளை எடுக்கலாம் என்கிறது. அதை எதிர்க்கிற அணியின் தலைவி வல்லி. ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா மேடம், மூஞ்சி வெளிறிப்போயிருக்கு, சுகர் மாத்திரை போட்டீங்களா என்றாள் நஸ்ரீன். போட்டேன்மா, நீ போய் உட்காரு என்றாள். சொல்லிவிடலாமா இவளிடம், நஸ்ரீன் நான் ஒரு காரியம் பண்ணிட்டேன் என்று, சொன்னால் இவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணீங்களா மேடம் என்றுதான் கேட்பாள், அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சொல்லவில்லை. நஸ்ரீன் குனிந்தபடியே திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

இரண்டாவது ஆள் மைக்கின் முன்னால். மேடையின் பின்னால் சினிமாத் திரை அளவுக்கு ஒரு திரை, பேசுகிறவர் வாயைத் திறக்கத் திறக்க எங்கேயோ உட்கார்ந்திருக்கும் தட்டச்சுக்காரர்கள் சொல் சொல்லாக ஆங்கிலத்தில் அதில் ஏற்றுகிறார்கள், ஏறியது ஏறியதுதான், அது நேரே களஞ்சியத்துக்குப் போய்விடும். வல்லியின் இருபத்தோரு வருஷப் பேச்சும் அங்கே இருக்கிறது, இருமினது உட்பட. டெலிபோன் டைரக்டரி கதை மட்டும் முப்பது இடத்தில் இருக்கும். திருச்சியில் டெலிபோன் ஆபீஸில் அவள் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு பெண் வந்து, கட்டினவன் தேடிப்பிடித்து மிரட்டுகிறான், டைரக்டரியிலிருந்து என் நம்பரை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாளாம், அடுத்த பதிப்பு வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்ல நேர்ந்ததாம், அன்றிரவெல்லாம் தூங்காமல் புரண்ட வல்லி இந்தப் போராட்டத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தாளாம். ஒவ்வொரு மேடையிலும் கைதட்டல் வாங்கித் தந்த கதை. உண்மையில் அன்றைக்கு வல்லி ஒன்றும் புரளவில்லை. அடுத்த ஆள் வாங்க என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தாள், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் முகம்கூட ஞாபகமில்லை, பச்சைக் கைப்பை ஒன்று வைத்திருந்தாள் என்று சொல்வாளே, அது மூன்றாவதோ நாலாவதோ மேடையில் சேர்ந்துகொண்டது. ஏன் இது இப்போது. ஏனென்றால் மைனாவதிக்கும் முகம் இருக்கிறது, அது ஞாபகமிருக்கிறது, இடது புருவத்தில் ஊசி ஏறின தழும்போடு, இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் ஒரு மேடைக் கதையாகிவிடுமோ, நான் செய்த தவறொன்று எனக்குக் கற்பித்தது என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தி, இரண்டு நிமிடத்துக்குள் முடித்து. சீ, என்ன ஜென்மம் இது.

யோசி, ஒழுங்காக யோசி. எழுதிக்கொடுத்தபடி எதிர்த்துப் பேசினால் திருத்தம் தோற்கும், ஏழாவது இணைப்பு என்றென்றைக்கும் அங்கேயே கிடக்கும், இன்று இரண்டு பேர் எடுத்ததை நாளைக்கு இருபது பேர் எடுப்பார்கள். ஆதரித்துப் பேசினால் அணியில் எல்லாரும் காறித் துப்புவார்கள், துப்பட்டும், அதைவிட, எத்தனையோ தேசத்து அதிகாரிகள் இந்தச் சபையில் வாய்தவறிச் சொன்னதையெல்லாம் அடுத்த வாரமே துடைத்தெடுத்துவிடுவார்கள், அந்த வார்த்தைகளைக் காட்டித்தான் பத்து நாடுகளில் வழக்கு நடக்கிறது. சரி, காரணத்தைச் சொல்லி, இந்த ஒரு தாளை மட்டும் எடுங்கள் என்று கேட்டால். கேட்ட அடுத்த நிமிடம் இந்த அரங்கத்தில் ஆயிரத்து இருநூறு மடிக்கணினிகளில் ஏழாவது இணைப்பு திறக்கும், இங்கிருப்பவர்களுக்கு அது சபலம்கூட இல்லை, பழக்கம், ஆவணத்தின் எண்ணைச் சொன்னால் கை தானாகப் போகும். ரகசியமாகச் செயலகத்தில் போய்க் கேட்டால். அதுதான் முடியாதே, எட்டாம் விதி இருக்கிறதே, நீக்கச் சொல்லி யார் மனு கொடுத்தாலும் அந்த மனுவையே முப்பது நாள் பகிரங்கமாக ஒட்டி வைக்க வேண்டும் என்று. யார் எழுதிய விதி. வல்லி எழுதியது. கொல்லைப்புற வழி எதுவும் இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு ஓட்டையாகத் தேடித் தேடி அடைத்தாள், அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றாவதாக நிற்கிறவர், இணையதளப் பெயர்களை விற்கிற கம்பெனிகளின் சங்கத்துக்காரர், வல்லிக்குப் பதினைந்து வருஷ எதிரி, எந்தப் பக்கம் லாபமோ அந்தப் பக்கம் பேசுகிறவர். அவர் இன்றைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கோ ஒரு சாதாரண மனிதர், அவர் அறியாமலே அவருடைய விலாசம் நம் களஞ்சியத்தில் மாட்டிக்கொண்டால் அவர் என்ன செய்வார் என்று உருகுகிறார். கம்பெனியின் பழைய கடிதங்களை அழிக்கத்தான் இந்த உருக்கம் என்பது அரங்கத்துக்கே தெரியும். ஆனால் சொல்வது சரி. அந்த ஆள் சொல்வது இவ்வளவு சரியாக இருப்பதை வல்லியால் தாங்க முடியவில்லை.

இத்தனை யோசனையும் வெறும் சாக்கு. அவளுக்கே தெரியும். மைக்கில் என்ன பேசினாலும் பேசாவிட்டாலும் சாயங்காலம் அந்த இரண்டு பேர் வரப்போகிறார்கள், மைனாவதி அதற்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், நூற்று நாற்பது நம்பரையும் போனிலிருந்து அழிக்க வேண்டும், அதற்கு ஒரு போன் போதும். ஒன்பது நாற்பத்தாறுக்குப் போட்டிருக்கலாம். பார்த்துட்டுக் கூப்பிடறேன், அவசரப்படாதேன்னு காலையில் சொல்லிவிட்டு வைத்தவள், பார்த்தும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எப்படிக் கிடைத்தது அட்ரஸ் என்று அவள் கேட்பாள். கைப்பைக்குள் கையை விட்டுப் போனைத் தொட்டாள். இதுவரை மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தாயிற்று. மைனா, உடனே கிளம்பு. அழித்தாள், ஏன் என்று கேட்பாளே. மைனா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அழித்தாள், நடந்துபோச்சாம், தானாக நடந்த மாதிரி. மைனா, பழைய தாள் ஒன்று வெளியே வந்திருக்கு. வந்திருக்காம். முப்பது வருஷமாக வாக்கியம் எழுதுகிற கைக்கு, நான் என்று ஆரம்பிக்கிற ஒரு வாக்கியம் வரவில்லை. இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று கிடக்கிறது, அதன் பக்கத்தில் போகவே மனம் பயப்படுகிறது. காலையில் மைனாவதி சொன்னாள், இது செல்வராணி வேலைதானுங்க்கா, அவளைத் தவுத்து யாருக்குத் தெரியும், ரெண்டு வருசமா பேச்சுவார்த்தையில்ல, இப்ப அவ புருசன் அதே கம்பெனியில மேஸ்திரி, காட்டிக் குடுத்துட்டா பாவி. செல்வராணி அவளோடு சேர்ந்து தளத்தை ஆரம்பித்தவள், ஒரே அறையில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த சிநேகிதி. மைனாவதி அதைச் சொன்னபோது, இஸ்திரிப் பெட்டி சேலையைத் தீய்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், வல்லிக்கு ஒரு ஆறுதல் வந்தது. ஒரு கணம்தான், ஆனால் வந்தது. அப்பாடா, வேறொருத்தி இருக்கிறாள் பழி ஏற்க. இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூடத் தோன்றியதா, தோன்றியிருக்கும், அதனால்தானே அவசரப்படாதே என்று மட்டும் சொன்னாள், அவள் செய்திருக்க மாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனு போடுவதற்கு முன் சம்மதம் வாங்கத் திருப்பூர் போயிருந்தபோது, பாய் விரித்து உட்காரவைத்துச் சுண்டல் கொடுத்துவிட்டுச் செல்வராணிதான் கேட்டாள், பேரு வெளிய வந்துராதில்லீங்க்கா, இவ ஒத்தப் புள்ள அவங்கம்மாளுக்கு. என் பேர் வெளியில வந்தாலும் வரும் உங்க பேர் வராதும்மா என்று வல்லி சிரித்துக்கொண்டே சொன்னாள். அதைக் கேட்டுத்தான் மைனாவதி கையெழுத்துப் போட்டாள். சம்மதப் பத்திரம் ஆறாவது இணைப்பு, அதில் கையெழுத்தை ஒழுங்காகவே வெட்டியெடுத்திருக்கிறாள், காலையில் அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று.

நாலாவது ஆள் எப்போது போனார். முன்னால் இப்போது வாஞ்சிரு மட்டும்தான், நைரோபிக்காரி, இருபது வருஷ சிநேகிதி, தோளுக்கு மேல் திரும்பி வல்லியைப் பார்த்துச் சிரித்துவிட்டு மைக்கிடம் போனாள். இவளும் எதிர்த்துத்தான் பேசுகிறாள், நன்றாகப் பேசுகிறாள், எங்கள் ஊரில் ஒரு அதிகாரி சொன்ன பொய்யை இந்தக் களஞ்சியத்தைக் காட்டித்தான் நிரூபித்தோம், என் தோழி வல்லிக்கு அதற்காக நன்றி என்கிறாள், திரையில் வல்லியின் பெயர் ஏறுகிறது, நாலு பேர் கைதட்டுகிறார்கள். கடிகாரம் சிவப்பு எண்ணில் குறைந்துகொண்டு வருகிறது, ஒன்று நாற்பது, ஒன்று முப்பது. சாயங்காலம் என்றால் எத்தனை மணி, நாலா, ஆறா. கம்பெனிக்காரர்கள் ஷிப்டு விட்டுத்தான் வருவார்கள், ஐந்தரைக்கு மேல், அப்படியென்றால் ஆறு மணி நேரம் இருக்கிறது, ஆறு மணி நேரம் தாராளம், இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போய்ப் போட்டால் என்ன குடிமுழுகிப்போகும். இப்படித்தான் ஒன்பதே முக்காலுக்கும் நினைத்தாள், காப்பி ஒன்று குடித்துவிட்டு என்று. பத்து மணிக்கு நினைத்தாள், கூட்டம் தொடங்கட்டும் என்று. ஒருவேளை அவர்கள் வராமலே போய்விட்டால். ஒருவேளை வேறு எங்கிருந்தோ விலாசம் கிடைத்திருந்தால், கறுப்புப் பட்டை அடித்த தாள் உலகத்தில் அது ஒன்றுதானா. நாலு தடவை ஒட்டிப்பார்த்த பிறகும் மனசு இதைச் சொல்கிறது, கொஞ்சமும் வெட்கமில்லாமல், வக்கீல் மாதிரி. நாற்பது நொடி. முப்பது. வாஞ்சிரு நன்றி சொல்லிவிட்டு ஒதுங்கி, போகிறபோக்கில் வல்லியின் முழங்கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

தலைவர் அவள் பெயரைக் கூப்பிட்டார், முழுப் பெயரையும், சௌந்தரவல்லி என்பதை இத்தனை வருஷத்தில் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்ட நல்ல மனுஷர். திரையில் பெயர் ஏறியது. அதையடுத்து இரண்டு புள்ளி. அதையடுத்து ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டு, சொல்லம்மா சொல்லு என்று நின்றது. கடிகாரம் இரண்டு நிமிடத்தைக் காட்டி ஓட ஆரம்பித்தது. மைக்கின் முன்னால் வந்துவிட்டாள், கையில் நஸ்ரீனின் சீட்டு ஈரமாகக் கசங்கிக் கிடந்தது. ஆயிரத்து இருநூறு பேர். வாயைத் திறந்தாள், மூன்று வாக்கியமும் நுனி நாக்கில் தயாராக இருந்தன, விட்டால் தாமாகவே வந்து விழும், அந்தச் சுலபம்தான் அவளைத் திடுக்கிட வைத்தது. இவ்வளவு பேரிடம் பேச முடிகிறது. ஒருத்தியிடம் பேச முடியவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் தமிழில், மன்னிச்சுக்கோங்க, நான் முதல்ல ஒருத்தர்கிட்ட பேசணும் என்றாள். திரையில் தட்டச்சுக்காரர்கள் ஒரு நொடி திணறிவிட்டு, வேறு மொழியில் பேசுகிறார் என்று ஆங்கிலத்தில் போட்டார்கள். தமிழ் தெரிந்த பத்துப் பதினைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர், வல்லி, உங்களுக்கு இன்னும் ஒரு நிமிடம் நாற்பது நொடி இருக்கிறது என்றார். அவள் மைக்கை விட்டு விலகி நடுப்பாதையில் நடந்தாள், மேடம், மேடம் என்று நஸ்ரீன் எழுந்தது கடைக்கண்ணில் தெரிந்தது, நிற்கவில்லை. வரிசை மூடியது மூடியதுதான், இனி இடமில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது முதுகுக்குப் பின்னால் தலைவர் கார்டுகளைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே நீளமான நடை, காப்பி மேசைகள், பிஸ்கட் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். வல்லி ஒரு தூணோரம் போய்ச் சாய்ந்துகொண்டு நம்பரைப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் மைனாவதி. எங்கோ ரோட்டில் இருக்கிறாள் போலிருக்கிறது, பஸ் ஹாரன் காதைப் பிளந்தது. "சொல்லுங்கக்கா."

"மைனா, நான் சொல்றத முழுசாக் கேளு. குறுக்க பேசாத. இன்னிக்கே அம்மாவக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டுக் கிளம்பு, சாயங்காலம் வரைக்கும் நிக்காத. போன்ல இருக்கற பேரு நம்பர் எல்லாத்தையும் இப்பவே அழிச்சுடு. அப்புறம்." மூச்சு வாங்கியது. "அப்புறம், அது செல்வராணி இல்ல. அவ ஒண்ணும் பண்ணல. நான்தான். நான் அன்னிக்குக் குடுத்த மனுவுல உன் அட்ரஸ் மேல கறுப்பு அடிச்சேன் பாரு, அத நான் சரியா அடிக்கல. யாரு வேணும்னாலும் எடுக்கற மாதிரி விட்டுட்டேன். ஒம்பது வருஷமா அப்படியே இருந்திருக்கு. என்னாலதான் வந்தாங்க. நான்தான் பண்ணினேன் மைனா."

சொல்லிவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்று பிறகு யாராவது கேட்டால் சொல்ல முடியாது, எதுவும் இறங்கவில்லை. மறுமுனையில் பஸ் போய்விட்டது. திட்டட்டும், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டட்டும், என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாவ ஈரோட்டு மாமன் ஊட்டுக்கு அனுப்பிப்போட்டனுங்க்கா, காலையிலயே. நம்பரெல்லாங்கூட அழிச்சாச்சு" என்றாள் மைனாவதி. குரல் இப்போதும் நடுங்கவில்லை. பிறகு கேட்டாள். "இது உங்களுக்கு எத்தன மணிக்குங்க்கா தெரிஞ்சுது?"

இப்பதான் என்று சொல்லலாம், அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது, உலகத்தில் எந்தக் களஞ்சியத்திலும் அது பதிவாகவில்லை.

"ஒம்பதே முக்காலுக்கு" என்றாள் வல்லி.

"நான் பத்தரைக்குத்தானுங்க்கா செல்வராணி ஊட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு, அவ மாமியா, அக்கம்பக்கத்துக்காரங்க அத்தன பேரும் பாக்க, வாயில வராத வார்த்தையெல்லாம் பேசிப்போட்டேன். புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னா. ஒரு வார்த்த திருப்பிப் பேசலீங்க்கா அவ."